மோலார் நிறை: புட்டியில் இருப்பதன் கணக்கு

ஒரு சேர்மத்தின் ஒரு மோல் எத்தனை கிராமோ அதுவே அதன் மோலார் நிறை. வேதிச் சமன்பாடுகள் துகள்களின் எண்ணிக்கையைச் சொல்கின்றன. தராசு கிராமைக் காட்டுகிறது. இரண்டையும் இணைப்பது இந்த ஓர் எண்தான். அதனால் காலையில் ஆய்வகத்தைத் திறந்து, அன்றைய வகுப்புக்கோ பரிசோதனைக்கோ கரைசல் தயாரிப்பவர் தராசைத் தொடுவதற்கு முன் இந்த எண்ணைத் தேடுகிறார்.

கணக்கு எளியது. சேர்மத்தின் வாய்பாட்டில் உள்ள ஒவ்வொரு தனிமத்தின் அணு நிறையையும் அதன் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவரே செய்துவிடுவார். ஆனால் எதைக் கூட்டுவது என்று தீர்மானிப்பதில் அனுபவம் தேவைப்படுகிறது. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் வாய்பாடும் அலமாரியில் நிற்கும் புட்டியில் உள்ள பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படிக நீர் கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம், தூய்மை மாறியிருக்கலாம். ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்கள் புட்டியில் உள்ள பொருளுக்கே கணக்குப் போடுகிறார்கள். இந்தத் தொழிலின் மற்ற விதிகளெல்லாம் அந்தப் பழக்கத்திலிருந்து வருபவை.

எண்கள் வந்த வழி

இன்று சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையில் ஆக்சிஜனுக்கு 15.999 என்று இருக்கிறது. இந்த நிலைக்கு வந்து சேர வேதியியலாளர்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. மான்செஸ்டரில் வாழ்ந்த ஜான் டால்டன் 1808-இல் வெளியிட்ட நூலில் ஹைட்ரஜனை 1 என்று வைத்து ஆக்சிஜனுக்கு 7 என்ற மதிப்பைத் தந்தார். நீரில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் மட்டுமே இருப்பதாக அவர் கொண்டதால், நீரின் நிறை 8 என்று வந்தது. அவருடைய எடை அளவீட்டிலும் பிழை இருந்தது. ஆனால் பெரிய பிழை வாய்பாட்டில் இருந்தது. இரண்டு ஹைட்ரஜன் என்று கொண்டிருந்தால் ஆக்சிஜனின் மதிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும்.

ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் அவகாட்ரோ சொன்னார். அந்தக் கருத்தை அன்று பலர் பொருட்படுத்தவில்லை. ஜெனோவாவில் பாடம் நடத்திய ஸ்டானிஸ்லாவோ கன்னிசாரோ 1858-இல் அதைக் கையில் எடுத்து, அணு நிறையையும் மூலக்கூறு நிறையையும் குழப்பமில்லாமல் பிரித்துக் காட்டினார். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது அவருடைய கட்டுரைப் பிரதிகள் அங்கே வழங்கப்பட்டன. அதைப் படித்தவர்களில் மெண்டலீவும் லோதர் மேயரும் உண்டு. ஒரே சேர்மத்துக்கு ஆளுக்கொரு வாய்பாடு எழுதிய காலம் அதன் பிறகுதான் முடிவுக்கு வரத் தொடங்கியது.

அடுத்து அளவுகோலில் ஒரு சிக்கல் எழுந்தது. இயற்பியலாளர்கள் ஆக்சிஜன்-16 ஐசோடோப்பை மட்டும் 16 என்று வைத்தனர். வேதியியலாளர்கள் இயற்கையில் கிடைக்கும் ஆக்சிஜன் கலவையை 16 என்று வைத்தனர். இரண்டு அட்டவணைகளுக்கும் இடையே பத்தாயிரத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு வித்தியாசம் இருந்தது. 1961-இல் கார்பன்-12 ஐசோடோப்பைச் சரியாக 12 என்று கொண்டு இரு தரப்பும் ஒரே அளவுகோலுக்கு வந்தன. 2019 மே 20 முதல் மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என்று நேரடியாக எண்ணிக்கையால் வரையறுக்கப்படுகிறது. இதனால் கார்பன்-12-இன் மோலார் நிறை வரையறைப்படி துல்லியமாக 12 கிராம் என்று சொல்ல முடியாமல் போயிற்று. ஆனால் வித்தியாசம் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எந்த ஆய்வகத் தராசும் அதை உணராது. அட்டவணையில் உள்ள அணு நிறையை அப்படியே கிராம்/மோல் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு எந்த இடையூறும் இல்லை.

ஒரு கணக்கு, படிப்படியாக

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் தரம் பார்க்கும் பரிசோதனைக்கு வழக்கமாக வரும் பொருள் ஆக்சாலிக் அமிலம். கடையில் கிடைக்கும் வெள்ளைப் படிகத்தில் ஒவ்வோர் அமில மூலக்கூறுடனும் இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கின்றன. அமிலத்தில் ஹைட்ரஜன் 2, கார்பன் 2, ஆக்சிஜன் 4. நீரையும் சேர்த்தால் ஹைட்ரஜன் 6, கார்பன் 2, ஆக்சிஜன் 6.

ஹைட்ரஜன்: 6 × 1.008 = 6.048
கார்பன்: 2 × 12.011 = 24.022
ஆக்சிஜன்: 6 × 15.999 = 95.994
மொத்தம்: 126.064 கிராம்/மோல்

இதே கணக்கை வேறு வழியில் போட்டுச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். நீரற்ற அமிலம் 90.034, நீர் 18.015, இரண்டு நீருக்கு 36.030, கூட்டினால் 126.064. இரு வழியிலும் ஒரே விடை வந்தால் எண்ணிக்கையில் தவறு இல்லை. புட்டியின் மேல் 126.07 என்று அச்சிட்டிருந்தால் கலங்க வேண்டியதில்லை. கடைசி இலக்கத்தில் வரும் அந்த வேறுபாடு, நிறுவனம் எந்த ஆண்டு அட்டவணையை, எத்தனை தசம இடங்களுடன் எடுத்தது என்பதைப் பொறுத்தது.

அடைப்புக்குறி உள்ள வாய்பாடுகளில் தவறு எளிதில் நுழைகிறது. மோர் உப்பு எனப்படும் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு இரும்பு, இரண்டு அம்மோனியம், இரண்டு சல்ஃபேட், ஆறு நீர். தனிமங்களாகப் பிரித்தால் இரும்பு 1, கந்தகம் 2, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 20, ஆக்சிஜன் 14. ஹைட்ரஜனில் அம்மோனியத்தின் பங்கு 8, நீரின் பங்கு 12. ஆக்சிஜனில் சல்ஃபேட்டின் பங்கு 8, நீரின் பங்கு 6.

இரும்பு: 55.845
கந்தகம்: 2 × 32.06 = 64.12
நைட்ரஜன்: 2 × 14.007 = 28.014
ஹைட்ரஜன்: 20 × 1.008 = 20.160
ஆக்சிஜன்: 14 × 15.999 = 223.986
மொத்தம்: 392.125 கிராம்/மோல்

இரண்டு அம்மோனியத்தில் ஒன்றை விட்டுவிட்டால் விடை 374.086 என்று வரும். பிழை 4.6 சதவீதம். ஒரு அம்மோனியத்தின் நிறை 18.039, ஒரு நீரின் நிறை 18.015 என்பதால், வந்த விடையை மட்டும் பார்த்து எது விடுபட்டது என்று கண்டுபிடிப்பது கடினம். ஐந்து நீர் உள்ள உப்பு போலிருக்கிறது என்று எண்ணி அப்படியே விட்டுவிடவும் கூடும். ஆகவே வாய்பாட்டைப் பார்த்தபடி நேரடியாகக் கால்குலேட்டரில் தட்டாமல், முதலில் தனிமங்களின் எண்ணிக்கையைத் தாளில் எழுதிக்கொள்வது ஆய்வகத்தின் நல்ல மரபு. எண்ணிக்கை வரிசை சரியாக இருந்தால் பெருக்கலும் கூட்டலும் பெரும்பாலும் தவறுவதில்லை.

சோடியம் குளோரைடு போன்ற அயனிச் சேர்மங்களில் தனித்தனி மூலக்கூறுகள் கிடையாது. படிகம் முழுவதும் அயனிகள் அடுக்கப்பட்டிருக்கும். அங்கே ஒரு சோடியமும் ஒரு குளோரினும் சேர்ந்த வாய்பாட்டு அலகின் நிறையைக் கணக்கிடுகிறோம்: 22.990 + 35.45 = 58.44. புட்டிகளில் மூலக்கூறு எடை என்பதைக் குறிக்க எம்.டபிள்யூ. என்றும், வாய்பாட்டு எடை என்பதைக் குறிக்க எஃப்.டபிள்யூ. என்றும் அச்சிட்டிருப்பார்கள். கரைசல் தயாரிப்பவருக்கு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

படிக நீர்

கூட்ட வேண்டியவற்றில் மிகுதியும் தவறவிடப்படுவது படிக நீர். மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்ஃபேட் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நீரற்ற காப்பர் சல்ஃபேட்டின் மோலார் நிறை 159.602. நீலப் படிகத்தில் ஐந்து நீர் இருப்பதால் அது 249.677. நீலப் படிகம் உள்ள புட்டியை எடுத்து, நீரற்ற உப்பின் எண்ணைக் கொண்டு 250 மி.லி. 0.1 மோலார் கரைசல் தயாரித்தால் 3.990 கிராம் எடை போடுவோம். உண்மையில் தேவைப்படுவது 6.242 கிராம். அந்தக் கரைசலின் செறிவு 0.064 மோலார் மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கரைசல் அழகான நீலமாகவே இருக்கும். கண்ணால் பார்த்து யாரும் குறையைச் சொல்லிவிட முடியாது.

இந்த நீரின் பங்கை ஒரே ஒரு சிறு சோதனையால் நேரில் காணலாம். எடை தெரிந்த பீங்கான் மூசையில் 5 கிராம் நீலப் படிகத்தை இட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். முதலில் ஓரங்கள் வெளுக்கின்றன. மூசையின் மேல் பிடித்த கண்ணாடித் தட்டில் ஈரம் படிகிறது. நீர் படிப்படியாக வெளியேறுகிறது. 110 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நான்கு நீர் போய்விடும். ஐந்தாவதுக்கு 200 டிகிரிக்கும் மேல் வெப்பம் வேண்டும். முடிவில் மூசையில் மிஞ்சுவது வெள்ளைப் பொடி. அதை டெசிகேட்டரில் ஆறவைத்து எடை போட்டால் 3.20 கிராம் இருக்கும், 1.80 கிராம் நீராகப் போயிருக்கும். 90.075-ஐ 249.677-ஆல் வகுத்தால் வரும் 36.08 சதவீதமும் அதுவே. பொடியில் இரண்டு சொட்டு நீர் விட்டால் மறுபடி நீலமாகும். மூசை சூடாவதை விரல் உணரும். இந்தச் சோதனையை ஒருமுறை செய்த மாணவர் வாய்பாட்டில் புள்ளிக்குப் பின் எழுதப்படும் நீரை இனி விட்டுவிட மாட்டார்.

ஒரே பெயரில் பல நீரேற்றுகள் கடைக்கு வருகின்றன. சோடியம் கார்பனேட் நீரற்றதாக 105.988, ஒரு நீருடன் 124.003, சலவைச் சோடாவாகப் பத்து நீருடன் 286.138. மூன்றின் பெயரிலும் சோடியம் கார்பனேட் என்ற சொல் இருக்கும். மேலும், பத்து நீருள்ள படிகம் திறந்த காற்றில் நீரை இழந்து பொடியாகிறது. பாதி பொடிந்த சலவைச் சோடாவுக்குச் சரியான மோலார் நிறை என்று ஒன்று இல்லவே இல்லை. அதை எடை போட்டுத் திட்டக் கரைசல் தயாரிப்பது வீண் வேலை. இதனால்தான் துல்லியமான வேலைக்கு நீரற்ற சோடியம் கார்பனேட்டை 250 முதல் 300 டிகிரி வரை சூடேற்றி உலர்த்திய பிறகு எடை போடுகிறார்கள். ஆக்சாலிக் அமிலத்தில் நேர் எதிரான விதி: அதை அடுப்பில் உலர்த்தக் கூடாது. 100 டிகிரி அளவிலேயே அதன் படிக நீர் போய்விடும். அதன் பின் 126.064 என்ற எண் அந்தப் பொருளுக்குப் பொருந்தாது.

எத்தனை தசம இடங்கள்

பள்ளியில் ஹைட்ரஜன் 1, கார்பன் 12, ஆக்சிஜன் 16 என்ற முழு எண்களால் கணக்கிடுகிறார்கள். ஆக்சாலிக் அமிலத்துக்கு அப்படிக் கணக்கிட்டால் 126 வரும். பிழை 0.05 சதவீதம். பியூரெட்டில் 20 மி.லி. அளவில் 0.05 மி.லி. தவறாகப் படித்தாலே பிழை 0.25 சதவீதம் ஆகிவிடும் என்பதால், பள்ளிப் பரிசோதனைக்கு முழு எண் போதும். ஆனால் குளோரினை 35.5 என்று எடுத்துக்கொள்வது பழக்கம். அதன் இரண்டு நிலைத்த ஐசோடோப்புகள் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருப்பதால், அதன் சராசரி எந்த முழு எண்ணுக்கும் அருகே விழவில்லை.

வீழ்படிவை எடை போட்டு அளவறியும் எடையறி பகுப்பாய்வில் முழு எண்கள் போதாது. சல்ஃபேட்டைப் பேரியம் சல்ஃபேட்டாக வீழ்படிவாக்கி, வடிகட்டி, எரித்து, எடை போடும்போது 96.056-ஐ 233.383-ஆல் வகுத்து வரும் 0.4116 என்ற காரணியால் பெருக்குகிறார்கள். அங்கே தராசு 0.1 மி.கி. வரை காட்டுகிறது. கணக்கில் வரும் பிழை தராசின் பிழையைவிடப் பெரிதாக இருந்தால் தராசுக்குக் கொடுத்த விலை வீண். பொதுவான விதி ஒன்று உண்டு: மோலார் நிறையில் வைத்திருக்கும் இலக்கங்கள், எடையில் கிடைக்கும் இலக்கங்களைவிட ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும், கடைசி விடையில் மட்டுமே முழுமையாக்க வேண்டும். இடையில் ஒவ்வொரு படியிலும் முழுமையாக்கினால் சிறு பிழைகள் சேர்ந்து பெருகும்.

அட்டவணையின் எண்களும் இயற்கையின் சராசரிகள்தாம். ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன், குளோரின் போன்ற சில தனிமங்களுக்கு இப்போது பன்னாட்டு அட்டவணை ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஓர் இடைவெளியைத் தருகிறது. குளோரினுக்கு அது 35.446 முதல் 35.457 வரை. பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்கும் பொருள்களில் ஐசோடோப்புகளின் விகிதம் சற்று மாறுவதே காரணம். லித்தியத்தில் இந்த மாற்றம் பெரிது: 6.938 முதல் 6.997 வரை. அணுசக்தித் தேவைக்காக லித்தியம்-6 பிரித்தெடுக்கப்பட்டு, மிச்சம் சந்தைக்கு வந்ததால், கடையில் வாங்கும் பொருளில் இந்த மாற்றம் இன்னும் கூடலாம்.

அணு நிறை மூலத்துக்கேற்ப மாறும் என்ற உண்மையை உலகுக்கு உறுதிப்படுத்தியதில் இலங்கைக்கும் பங்கு உண்டு. 1914-இல் ஃபிரெடரிக் சாடி, இலங்கையில் கிடைத்த தோரைட் கனிமத்திலிருந்து பிரித்த ஈயத்தின் அணு நிறையை அளந்தார். அது வழக்கமான ஈயத்தின் 207.2-ஐவிடக் கூடுதலாக, 208-ஐ ஒட்டி இருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் தியடோர் ரிச்சர்ட்ஸ், யுரேனியக் கனிமங்களிலிருந்து வந்த ஈயம் 207-க்கும் கீழே இருப்பதைக் கண்டார். தோரியம் சிதைந்து ஈயம்-208 ஆகிறது. யுரேனியம்-238 சிதைந்து ஈயம்-206 ஆகிறது. ஒரே தனிமம், ஒரே வேதிக் குணம், ஆனால் பிறந்த இடத்துக்கேற்ப வெவ்வேறு அணு நிறை. ஐசோடோப்புக் கொள்கைக்கு இது வலுவான சான்றாயிற்று.

ஐசோடோப்பைத் தெரிந்தே மாற்றிய பொருள்களுக்கு அட்டவணை எண்ணைப் பயன்படுத்தவே கூடாது. தூத்துக்குடியில் தயாரிக்கப்பட்ட கனநீரில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் இருக்கிறது. டியூட்டீரியத்தின் நிறை 2.014, ஆகவே கனநீரின் மோலார் நிறை 20.027. என்எம்ஆர் கருவிக்கு வாங்கும் டியூட்டீரியக் கரைப்பான்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எண்ணிலிருந்து கரைசலுக்கு

மோலார் நிறை கிடைத்தபின் தேவையான எடை ஒரே பெருக்கலில் வருகிறது: மோலார் நிறை × மோலாரிட்டி × லிட்டர் கணக்கில் கன அளவு. 250 மி.லி. 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலத்துக்கு 126.064 × 0.05 × 0.25 = 1.5758 கிராம்.

தராசின் முன் அமர்ந்ததும் புதியவர்கள் இந்த 1.5758-ஐச் சரியாகத் தொட்டுவிட முயல்வார்கள். ஸ்பாட்டுலாவால் ஒரு படிகத்தைப் போடுவதும், எடுப்பதும், மறுபடி போடுவதுமாக நேரம் போகும். அதற்குள் பொருள் காற்றின் ஈரத்தை வாங்கலாம். எடுத்த படிகம் புட்டிக்குத் திரும்பிப் போய் முழுப் புட்டியையும் மாசுபடுத்தலாம். அனுபவமுள்ளவர் இலக்கை நெருங்கியதும் நிறுத்திவிடுகிறார். தராசு 1.5812 என்று காட்டினால் அதையே குறித்துக்கொள்கிறார். 1.5812-ஐ 126.064-ஆல் வகுத்து, கால் லிட்டருக்குக் கணக்கிட்டால் 0.05017 மோலார். இந்த எண்ணே புட்டியின் மேல் எழுதப்படும். செறிவு உருண்டையான எண்ணாக இருக்க வேண்டியதில்லை. அது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எடை போட்ட பொருளைப் புனல் வழியே திட்டக் குடுவையில் இட்டு, வாட்ச் கிளாஸையும் புனலையும் வாஷ் பாட்டிலால் பலமுறை கழுவி அந்த நீரையும் குடுவைக்குள்ளேயே விட வேண்டும். முதலில் பாதி அளவு காய்ச்சி வடித்த நீரில் முழுவதும் கரைத்துவிட்டு, பிறகு நீர் சேர்த்து, கழுத்திலுள்ள கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, கடைசித் துளிகளைச் சொட்டியால் விட்டு, நீர்மட்டத்தின் கீழ்ப்பிறை கோட்டைத் தொடும்படி செய்ய வேண்டும். கண் கோட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும். அதன் பின் மூடியைப் பிடித்துக்கொண்டு குடுவையைத் தலைகீழாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். கலக்காமல் விட்டால் அடியில் செறிவும் மேலே நீர்த்தன்மையும் தங்கிவிடும். அந்த நிலையில் எந்த மோலார் நிறையும் கணக்கைக் காப்பாற்றாது.

தூய்மையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏ.ஆர். கிரேடு புட்டிகளில் தூய்மை விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். 99.0 சதவீதம் என்றிருந்தால் 1.5758-ஐ 0.990-ஆல் வகுத்து 1.5917 கிராம் எடுக்க வேண்டும். வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தூய்மை குறைந்தால் எடை கூட வேண்டும் என்பதை மனத்தில் வைத்திருந்தால் தவறு உடனே தெரிந்துவிடும்.

சோடியம் ஹைட்ராக்சைடை எடை போட்டு மட்டும் திட்டக் கரைசல் தயாரிக்க முடியாது. அதன் மோலார் நிறை 39.997 என்பது உறுதி; ஆனால் அந்த வெள்ளைத் துண்டுகள் தராசுத் தட்டிலேயே காற்றிலிருந்து நீரையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்கின்றன. ஆகவே உத்தேசமாகத் தயாரித்து, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் போன்ற முதன்மைத் திட்டப்பொருளால் தரப்படுத்துகிறார்கள். அந்தப் பொருளின் மோலார் நிறை 204.222. இவ்வளவு பெரிய எண் இங்கே ஓர் ஆதாயம். 20 மி.லி. 0.1 மோலார் காரத்துக்கு 0.4084 கிராம் தேவைப்படுகிறது, தராசில் 0.2 மி.கி. தவறினாலும் பிழை 0.05 சதவீதம். ஆக்சாலிக் அமிலமானால் 0.1261 கிராம் போதும் என்பதால் அதே தவறு 0.16 சதவீதமாகப் பெருகும். அதோடு தாலேட்டில் படிக நீர் இல்லை, அடுப்பில் உலர்த்தலாம்.

அடர் அமிலங்களைப் பொறுத்தவரை மூன்று எண்கள் வேண்டும்: மோலார் நிறை, அடர்த்தி, எடை விழுக்காடு. அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தின் அடர்த்தி 1.84, விழுக்காடு 98, மோலார் நிறை 98.072. ஒரு லிட்டரில் 1840 கிராம், அதில் அமிலம் 1803 கிராம், அதை 98.072-ஆல் வகுத்தால் 18.4 மோலார். ஒரு லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு ஏறக்குறைய 5.4 மி.லி. போதும். அமிலத்தை நீரில் மெல்ல ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் மோலார் நிறை 36.458, அடர்த்தி 1.18, விழுக்காடு 35 எனில் அது 11.3 மோலார். இவ்விரண்டையும் நீர்த்த பிறகு சோடியம் கார்பனேட்டால் தரப்படுத்தினால்தான் செறிவு உறுதியாகும்.

சமான நிறையும் கடினத்தன்மையும்

தமிழ்நாட்டு ஆய்வகங்களில் நார்மாலிட்டிக் கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மோலார் நிறையை வினையில் பங்குபெறும் புரோட்டான்களின் அல்லது எலக்ட்ரான்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சமான நிறை வரும். ஆக்சாலிக் அமிலத்துக்கு 63.03. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை 158.032; அமில ஊடகத்தில் அது 5 எலக்ட்ரான்களை ஏற்பதால் சமான நிறை 31.61, நடுநிலை ஊடகத்தில் 3 எலக்ட்ரான்களை ஏற்பதால் 52.68. மோலார் நிறை பொருளுக்கு உரியது. சமான நிறை வினைக்கு உரியது. ஊடகத்தைக் குறிப்பிடாமல் 0.1 நார்மல் பெர்மாங்கனேட் என்று புட்டியில் எழுதினால் அது முழுமையான தகவல் ஆகாது.

மோலார் நிறை பொதுமக்களின் வாழ்க்கையைத் தொடும் இடம் நீர்ப் பரிசோதனை. நீரின் கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். அதன் மோலார் நிறை 100.086, ஏறக்குறைய 100. ஆழ்துளைக் கிணற்று நீரில் 50 மி.லி. எடுத்து, அம்மோனியா தாங்கல் கரைசலால் பிஎச் 10-க்குக் கொண்டுவந்து, எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி சேர்த்தால் ஒயின் சிவப்பு நிறம் வரும். 0.01 மோலார் இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுவர, சிவப்பு முழுவதும் மறைந்து தெளிந்த நீலமாகும். 15.0 மி.லி. செலவாகியிருந்தால் 0.150 மில்லிமோல், 100.086-ஆல் பெருக்க 15.0 மி.கி.; லிட்டருக்கு 300 மி.கி. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீர் இல்லாத இடத்தில் அனுமதிக்கப்படும் அளவு 600. ஒரு குடும்பம் எந்த நீரைக் குடிப்பது என்ற முடிவு இந்த எண்ணை நம்பி எடுக்கப்படுகிறது. இடிடிஏ-வின் டைசோடியம் உப்பு இரண்டு நீருடன் 372.238, நீரற்றதாக 336.208. எந்த உப்பு புட்டியில் இருக்கிறது என்று பார்க்காமல் கரைசல் தயாரித்தால் கடினத்தன்மை முடிவில் ஏறக்குறைய பத்து சதவீதம் பிழை வரும்.

சரிபார்ப்பும் பதிவும்

எடை போடுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். புட்டியின் மேலுள்ள வாய்பாட்டில் நீர் எத்தனை? அங்கே அச்சிட்ட மோலார் நிறை, கையால் கணக்கிட்டதோடு ஒத்துப்போகிறதா? தூய்மை எவ்வளவு? பொருள் தன் தோற்றத்தில் மாறியிருக்கிறதா, அதாவது கட்டியாகியோ, பொடிந்தோ, நிறம் வெளுத்தோ இருக்கிறதா? வாய்பாட்டுக்கும் அச்சிட்ட எண்ணுக்கும் இடையே 18-இன் மடங்கில் வித்தியாசம் வந்தால், அங்கே படிக நீர்க் கணக்கில்தான் பிழை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கரைசல் தயாரானதும் புட்டியின் மேல் சேர்மத்தின் பெயரும் செறிவும் நாளும் எழுதுவது எல்லா இடங்களிலும் நடக்கிறது. அவற்றோடு படிக நீரின் எண்ணிக்கை, கணக்குக்கு எடுத்த மோலார் நிறை, தராசு காட்டிய எடை, தூய்மை ஆகியவற்றையும் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். பின்னொரு நாளில் முடிவு பொருந்தாமல் போனால், அடுத்து வருபவர் அந்த வரியிலிருந்தே கணக்கை மறுபடி போட்டுப் பிழை எங்கே என்று கண்டுகொள்ளலாம்.